வேறு எங்கோ ஓடும் நம்பர்

9 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீயும் உன் மனைவியும் பாப்பாவும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? முழங்கால் எப்படி இருக்கிறது? ரயிலில் மேல் படுக்கைக்கு ஏறாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டிருக்க மாட்டாய்.

லீவு நாலு நாளையும் என் கம்ப்யூட்டருக்கே கொடுத்துவிட்டுப் போனாய். நீ போட்டுக்கொடுத்த புது சிஸ்டம் பஞ்சாய்ப் பறக்கிறது. முன்பெல்லாம் 'ஞா' அடித்தால் கட்டம் கட்டமாக வந்து உயிரை வாங்கும். இப்போது முத்து முத்தாக விழுகிறது. ஆறு வகுப்புக் கேள்வித்தாளையும் அடித்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை என்று தலைமையாசிரியை துண்டுச்சீட்டு கொடுத்தனுப்பினார்.

"என் தம்பி முழு சிஸ்டத்தையே புதுசா வாங்கிப் போட்டுக் கொடுத்தான்" என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று. திருப்புளியார் வந்து பார்த்தார். மூலைக் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பாரே, தையல்காரர் காதில் பென்சில் செருகுவதுபோல் திருப்புளி செருகியிருப்பாரே, அவர்தான். "நம்ம பொழப்புல மண்ணப் போட்டுட்டாரே உங்க தம்பி" என்று சிரித்தார். நான் உதட்டைப் பார்த்துப் படிப்பதற்காக அவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். எனக்குக் காது போன இந்தப் பதினைந்து வருஷத்தில், உன்னை விட்டால் அந்தப் பொறுமை அவருக்குத்தான். நான் சிபாரிசு செய்துதான் பள்ளியின் இருபது கம்ப்யூட்டரையும் அவர் பார்த்துக்கொள்கிறார். பொறாமைப்படாமல் இருப்பார்.

பழைய சிஸ்டத்தின் சிடியை என்ன செய்வது? கவரோடு பையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்க்கவில்லை.

மெஷினிலேயே கடிதம் அனுப்பச் சொன்னாய். நாள் பூராவும் அதில்தான் தட்டுகிறேன். உனக்காவது கையால் எழுதவிடு.

உன் நினைவாகவே இருக்கும்
அக்கா

*

20 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மேல் படுக்கையில்தான் வந்தேன், முழங்கால் அதற்கான கூலியைக் கொடுத்துவிட்டது.

தெருவெல்லாம் சொல்லாதே அக்கா. அப்படி என்ன பெரிதாகச் செய்துவிட்டேன். பழைய சிடியைப் பற்றி யோசிக்காதே. புதுசு வந்த பிறகு பழசு வெறும் தகடு. பை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

பாப்பாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. படிக்க ஒரு பழைய மெஷின் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி பகல் அதிலேயே கிடக்கிறாள். அத்தைக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்
தம்பி

*

3 செப்டம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை. நீங்கள் மூவரும் நலமாக இருக்கவேண்டும்.

போன வாரம் மெஷின் கடகடவென்று சத்தம் போட்டதாம். பக்கத்து வீட்டம்மா வந்து சைகை காட்டித்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் திரை கறுத்துவிட்டது. திருப்புளியார் வந்து, ஹார்ட் டிஸ்க் போச்சு, வேறு மாற்றவேண்டும் என்றார். மாற்றினார். புது சிஸ்டத்தைப் போடப் போனால், முதலில் பழசைப் போடவேண்டுமாம். நீ வாங்கியது பழசின் மேல் ஏறுகிற வகையாம், முழுசு இல்லையாம். "என் தம்பி முழுசுதான் வாங்கினான்" என்றேன். பெட்டியைக் காட்டினார். நான் பார்க்கவில்லை. உன்னைவிடவா பெட்டிக்குத் தெரியும்?

பழைய கவரைப் பிரித்தால் உள்ளே ஒன்றுமில்லை தம்பி. வெறும் கவர்.

அவர் கடையிலிருந்து வேறு சிடி கொண்டுவந்து, நம் கவரில் ஒட்டியிருந்த நம்பரை அடித்துப் பார்த்தார். போனில் கூப்பிட்டு அனுமதி வாங்கச் சொன்னது. எனக்காக அவர்தான் பேசினார். திரையில் வந்த எண்களை ஆறு ஆறாக ஒப்பித்தார், கால் மணி நேரம். பிறகு போனை வைத்துவிட்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: "இந்த நம்பர் ஏற்கெனவே வேறு எங்கோ ஓடுகிறதாம்."

ஜூலையில் பவர் சப்ளை போனபோது மெஷின் இரண்டு நாள் அவர் கடையில் இருந்தது. சிடிப் பையையும் கேட்டு வாங்கிப் போயிருந்தார். நீங்கள்தான் எடுத்தீர்களா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். சத்தமாகத்தான் கேட்டிருக்கிறேன்போல, பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

ஒரு நம்பரை இன்னொரு மெஷினில் போட முடியுமா? உன் கிடங்கு ஆபீசில் கம்ப்யூட்டரெல்லாம் நீதானே பார்க்கிறாய். விவரமாக எழுது. காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது, என் கை கட்டிக் கிடக்கிறது.

அக்கா

*

28 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. ஆபீசில் கணக்கெடுப்பு, முழங்காலுக்கு வேறு கட்டுப் போட்டிருக்கிறார்கள். இங்கே விடாத மழை.

நீ கேட்டதற்குப் பொதுவாகச் சொல்கிறேன். ஒரு லைசென்ஸ் ஒரு மெஷினுக்குத்தான். அதே நம்பர் வேறு எங்கோ ஓடுகிறது என்றால், அந்த சிடியைக் கையில் வைத்திருந்த யாரோ இன்னொரு மெஷினில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

இதைப் பெரிதுபடுத்தாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

6 அக்டோபர்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் காலுக்கு ஓய்வு கொடு.

உன் கடிதம் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். "இவன் கம்ப்யூட்டர் தெரிந்தவன், அவனே எழுதியிருக்கிறான்" என்று அந்த வரியைக் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். பள்ளி மெஷின்களில் என்னென்ன சிடி போயிருக்கிறதோ என்று அவருக்கும் பயம் வந்துவிட்டது. திருப்புளியாரைக் கூப்பிட்டு இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சிபாரிசு செய்தவள் நான், நிறுத்தவேண்டியவளும் நான்தானே.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நேற்றுக் கதவடியில் ஒரு உறை கிடந்தது. உள்ளே மூன்று சிடி. செத்துப்போன டிஸ்க்கிலிருந்து என் கேள்வித்தாள்கள், நான் அடித்த புத்தகங்கள் எல்லாவற்றையும் எப்படியோ மீட்டு எடுத்துப் போட்டிருக்கிறார். எந்தச் சிடியில் எது என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. திருடியவனுக்கு இந்த அக்கறை எதற்கு?

கேள்வித்தாள்களை இப்போது வெளியே கொடுத்து அடிக்கிறார்கள்.

அக்கா

*

19 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலம் அறிய ஆவல். இத்துடன் ஒரு பார்சல் வரும். புது சிஸ்டம், இந்தத் தடவை முழுசு. எந்தப் பழசும் வேண்டாம், எவரையும் கேட்கவேண்டாம். யாராவது போட்டுக் கொடுப்பார்கள்.

அந்த ரிப்பேர்காரரை விட்டுவிடு அக்கா. ஒரு சின்ன சிடி விஷயம். பள்ளியிலும் சொல்லி அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல். மனிதன் என்றால் தப்பு செய்யத்தான் செய்வான்.

தம்பி

*

30 நவம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பார்சல் வந்தது. பள்ளிக்குப் புதிதாக வரும் ஆள் போட்டுக் கொடுத்தார். மெஷின் ஓடுகிறது. உன் குணம் யாருக்கு வரும்!

சின்ன விஷயம் என்று எழுதியிருந்தாய். கடிதம் வந்த அன்று மூலைக்குப் போய்ப் பார்த்தேன். கடை பூட்டிக் கிடக்கிறது, பலகையையும் கழற்றிவிட்டார்கள். பள்ளியில் நிறுத்தியது தெரிந்ததும் மருந்துக் கடை, தையல் கடை, அரவை மில், அச்சகம், சைக்கிள் கடை எல்லோரும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்களாம். திருப்புளியார் இப்போது பஸ் நிறுத்தத்து ஜெராக்ஸ் கடையில் சம்பளத்துக்கு இருக்கிறார். காதில் திருப்புளி இல்லை.

உன் கையெழுத்து ஏன் இப்படி மாறிவிட்டது? வரிகள் கீழே சரிகின்றன. என்னிடம் எதையாவது மறைக்கிறாயா? உடம்பில் ஏதாவது கோளாறா? பரிசு வந்தால் சந்தோஷப்படாமல் பயப்படுகிறாளே என்று நினைக்காதே. நீ இப்படி வாரி வழங்குகிற ஆள் இல்லை.

அக்கா

*

15 டிசம்பர்

அக்கா,

நலம் விசாரித்துத் தொடங்கினால் எழுதி முடிக்க மாட்டேன். இதுவரை நாலு தாள் கிழித்தாயிற்று.

அந்த சிடி என்னிடம்தான் இருக்கிறது. நான்தான் எடுத்தேன். ஊருக்குக் கிளம்பிய அன்று, நீ குளிக்கப் போனபோது. கவரில் இருந்த நம்பரை என் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். பாப்பாவின் மெஷின் அதில்தான் ஓடுகிறது.

அக்காவுக்குத்தான் புதுசு வந்துவிட்டதே, பழசு சும்மா கிடக்கிறதே என்று நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாய். ஏன் கேட்கவில்லை தெரியுமா? கேட்டால், உனக்கு வாங்கியது முழுசு இல்லை என்று சொல்லவேண்டி வரும். முழுசு வாங்கப்போவதாக உன்னிடம் பெருமையடித்துவிட்டுப் போனேன். கடையில் விலையைப் பார்த்ததும், பழசின் மேல் ஏறும் மலிவான வகையை எடுத்துக்கொண்டு வந்தேன். நீ என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்ல?

பழசின் லைசென்ஸ் புதுசோடு சேர்ந்துவிடும், தனியாக வேறு எங்கும் போடக்கூடாது என்று பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. படித்தேன். படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்தேன். பாப்பா மெஷினில் போடும்போது போனில் ஒரு பெண் கேட்டாள்: "இது வேற எந்த மெஷின்லயும் இல்லதானே சார்?" இல்லை என்றேன். முன்பு அது ஓடிய மெஷின் செத்துவிட்டது என்றேன்.

செப்டம்பரில் நான் எழுதியது ஒன்றும் பொய்யில்லை. சிடியைக் கையில் வைத்திருந்தவன் போட்டிருக்கிறான் என்றேன். அந்தக் கை என் கை என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அந்த வரியை நீ பள்ளிக்கு எடுத்துப் போவாய் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் வேறு மாதிரி எழுதியிருப்பேனா, தெரியவில்லை. அதற்கப்புறமும் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு ஒரு பார்சலை அனுப்பினேன்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

தம்பி

*

20 ஜனவரி

அக்கா,

கடிதம் கிடைத்ததா? திட்டியாவது ஒரு வரி போடு. தபால்காரரைக் கண்டால் மாடியிலிருந்து இறங்கி ஓடுகிறேன். உடம்பு எப்படி என்று மட்டுமாவது எழுது.

தம்பி

*

8 பிப்ரவரி

தம்பிக்கு,

இருக்கிறேன். ஐம்பது நாளாக எழுதாதது கோபத்தால் என்று நினைத்திருப்பாய். கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அதற்கு அடியில் வேறு ஒன்று இருந்தது, அதுதான் ஆறவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. மூன்று தடவை பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை நீட்டிவிட்டேன். நின்றபடியே படித்தார். மெஷினில் யாருடைய தாளோ ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் அடுக்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இது எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. சிடி வேற யார் கைக்காவது போச்சான்னு கேட்டேன். தம்பி மட்டும்தான் தொட்டான்னு நீங்களே சொன்னீங்க. அப்ப அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னேன். நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க."

உண்மைதான் தம்பி. உனக்கு இதை நான் எழுதவில்லை. அன்று அவர் வாய் திறந்தபோது, அடுத்து வரப்போவது உன்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்குக் காதைப் பொத்தினாலும் கொஞ்சம் உள்ளே போகும். நான் முகத்தைத் திருப்பினால் போதும், உலகமே ஊமை. அப்படித் திருப்பினேன். அதற்குப் பிறகுதான் அவரைப் பார்த்துக் கத்தினேன். உனக்கு எழுதிக் கேட்டதுகூட, நீ இல்லை என்று சொல்வாய் என்பதற்காகத்தான். நீ சொல்லவில்லை. "யாரோ" என்று எழுதினாய். அந்த ஒரு வார்த்தை எனக்கு உறுத்தியது. உறுத்த உறுத்தத்தான் அவசரமாக அதைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆகவே உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. எடுத்தது நீ. ஒருவர் பிழைப்பைக் கெடுத்தது நாம் இரண்டு பேரும்.

தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திருப்புளியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஸ்கூல்ல நீங்க சொல்லிட்டீங்க, சரி. தெருவுல யாரும்மா சொல்றது?" என்று கேட்டார். அதைச் சொல்லவேண்டியவன் நீதான். நீ வா.

அக்கா

*

3 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கிளம்பி நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். கீழ்ப் படுக்கைதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்து கடைகளிலும் நீ பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சொன்னது உனக்குத் தெரியும். கல்லாவுக்குப் பின்னால் இருந்தவர்கள் சொன்னதை நீ பார்த்திருக்க முடியாது. அதை எழுதுகிறேன்.

மருந்துக் கடையில் நான் விளக்கினேன், நினைவிருக்கிறதா? பழைய லைசென்ஸ், அதன் மேல் ஏறும் லைசென்ஸ், இரண்டும் சேர்ந்துவிடும் விதி, போன் அனுமதி என்று பத்து நிமிஷம். அவர் தலையை ஆட்டிவிட்டு, "அப்போ கம்பெனிக்காரன் செஞ்ச குழப்பம்னு சொல்லுங்க" என்றார். நான் மறுக்கவில்லை அக்கா. திருப்புளியார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தையல் கடையிலும் அதே கதையை ஆரம்பித்தேன். பாதியில் அவர் கத்திரியைக் கீழே வைத்தார். "சார், எனக்கு இந்த லைசென்ஸு கிய்சென்ஸு ஒண்ணும் புரியல. அக்கா வீட்டுலேர்ந்து ஒரு பொருள கேக்காம எடுத்துட்டுப் போயிட்டீங்க. பழி இவர் மேல விழுந்துச்சு. நீங்க சும்மா இருந்துட்டீங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றேன். அவர் வைத்த கத்திரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அதைத்தான் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாய்.

அரவை மில்லிலும் அச்சகத்திலும் சைக்கிள் கடையிலும் தையல்காரர் சொன்ன மூன்று வரியை மட்டும் சொன்னேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு மருந்துக் கடைக்குத் திரும்பிப் போய் அதையே சொன்னேன். உனக்கு ஏன் திரும்பிப் போனோம் என்று புரிந்திருக்காது. அவர் மாத்திரை எண்ணிக்கொண்டே, "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

அச்சகக்காரர் மட்டும் திருப்புளியாரைப் பார்த்து, "எனக்கு அப்பவே சந்தேகம்தான்பா" என்றார். "சந்தேகத்த வச்சுக்கிட்டு வேற ஆளக் கூப்பிட்டீங்களாக்கும்" என்று இவர் சொன்னார். அன்று முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

என்னிடம் மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. பாப்பா மெஷினிலிருந்து உன் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டேன். சிடியைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்
தம்பி

*

17 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் வீட்டாரும் நலம் என்று நம்புகிறேன். சிடி வந்து சேர்ந்தது.

அச்சகமும் மருந்துக் கடையும் திருப்புளியாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடை வேலை முடிந்து சாயங்காலம் போகிறார். பள்ளியில் புது ஆளை வருஷக் கடைசி வரை மாற்ற முடியாதாம், ஜூனில் பார்க்கலாம் என்கிறார் தலைமையாசிரியை. மூலைக் கடையை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள், வாசலில் தண்ணீர்க் கேன் அடுக்கியிருக்கிறது. அது இனி அவருக்கு இல்லை. எதிரே வந்தால் எனக்குத் தலையசைக்கிறார். நிற்பதில்லை. நிற்கச் சொல்ல எனக்கும் முகமில்லை.

நீ கடை கடையாக ஏறி இறங்கியதைப் பார்த்து எனக்கு வேதனையாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இப்போது ஒன்று. நேற்று பாப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. நன்றாகப் படிக்கிறாளாம். கூடவே இப்படி எழுதியிருக்கிறாள்: "அத்தை, அப்பா ஒரு நாள் திடீரென்று என் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு என்னவோ போட்டுக் கொடுத்தார். என் பாதிக் குறிப்புகள் போய்விட்டன. ஏன் என்று கேட்டால் வைரஸ் என்கிறார். வைரஸ் வருகிற மாதிரி நான் என்ன செய்தேன்? அப்பாவுக்கு என் மேல் ஏதாவது கோபமா?"

பள்ளியில் சொல்லியாயிற்று, ஐந்து கடையில் சொல்லியாயிற்று. அந்தப் பெண் அங்கே தன் மேல் என்ன தப்பு என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

இதை நான் அவளுக்கு எழுதமாட்டேன். அவள் கடிதம் என் மேசையில் இருக்கிறது. நீ அவளிடம் பேசிவிட்டேன் என்று ஒரு வரி போடு, அன்றைக்கே அவளுக்குப் பதில் எழுதுகிறேன்.

காத்திருக்கும்
அக்கா